உப்புக் காற்றில் பிக்-அப்புக்கு மூடிய பாடி: எதைப் பார்த்துக் கட்டுவது?

சென்னைக்கு வடக்கே கடலோர எர்ணாவூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஏசி சர்வீஸ் வேலை, சொந்தமாக ஒரு பொலேரோ பிக்-அப். வேக்குவம் பம்ப், கேஸ் சிலிண்டர், டிரில், காப்பர் பைப் எல்லாம் வண்டியின் பின்பக்கத் திறந்த தொட்டியில் போட்டு மேலே தார்ப்பாய் கட்டித்தான் ஓட்டுகிறார். வண்டி தெருவில் நிற்பதால் ராத்திரியானால் அத்தனையையும் இரண்டாம் மாடிக்குத் தூக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மூடிவிட வேண்டும், ஃபைபர் கேனபி (தொட்டிமேல் கவிழ்க்கும் மூடி) நல்லதா, தகரத்தில் கண்டெய்னர் பாடி கட்டுவது நல்லதா, வெளியூர் வேலைக்குப் போனால் உள்ளேயே படுத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

தம்பி, ஃபைபரா தகரமா என்பதிலேயே நின்றுவிடாதீர்கள். திருடனும் சரி, மழையும் சரி, தகட்டைத் துளைத்துக்கொண்டு வருவதில்லை. கதவு விளிம்பு, கீல், பாடியும் தொட்டியும் சேருகிற இடம், இந்த வழியாகத்தான் உள்ளே வருவது. பாடி கட்டுகிறவர்கள் தகட்டுக்கு விலை சொல்வார்கள், இவற்றைப் பற்றி நீங்களாகக் கேட்டால்தான் பேச்சே வரும்.

இருந்தாலும் தகட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைபர் கேனபி துருப்பிடிக்காது, எடையும் குறைவு, ஆனால் அது அந்தந்த வண்டியின் தொட்டி அளவுக்கு அச்சு வைத்து வார்ப்பது. உங்கள் மாடலுக்கு அச்சு இல்லாதவர் வேறு வண்டியுடையதை வெட்டி ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம். மேலே ஏணி கட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கும் ஃபைபருக்குள் தாங்கு சட்டம் (ஃபிரேம்) கொடுக்க வேண்டும். கண்டெய்னர் பாடிதான் கட்டுவது என்று முடிவானால் அலுமினியம் பாருங்கள். 2 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 15.7 கிலோ, அதே கனத்தில் அலுமினியம் 5.4 கிலோதான். உங்கள் பாடிக்கு 15 சதுர மீட்டர் தகடு போகும் என்று வைத்துக்கொண்டால் 235 கிலோ எங்கே, 81 கிலோ எங்கே! தினமும் அந்த வித்தியாசத்தைச் சுமந்துகொண்டு ஓடுவதற்கு டீசல் யார் போடுவது?

ஆனால் அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் நேராக வைத்து ரிவெட் அடிக்க விடாதீர்கள். எர்ணாவூர், எண்ணூர் பக்கம் காற்றிலேயே உப்பு இருக்கிறது. இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் உப்பு ஈரம் நின்றால் அந்த இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து கரைந்துபோகும், நடுவில் ரப்பர் பட்டை கொடுத்தே ஆக வேண்டும். கீல், தாழ்ப்பாளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மட்டும் சொன்னால் போதாது, 304 கிரேடு கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும், 316 தாங்கும். விலை கூடத்தான், ஆனால் சின்ன உருப்படிதானே, இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டி கழுவுவதும் நல்ல தண்ணீரிலேயே இருக்கட்டும், உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை அடித்தால் கழுவாமல் விட்டதே மேல்.

இப்போது மழை. வாடைக்காற்றோடு வரும் மழை நேராக விழுவதில்லை, கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து அடிக்கும். அது போதாதென்று வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து, சக்கரம் வாரியடிக்கிற சேற்றுத் தண்ணீரும், எக்ஸ்பிரஸ் சாலையில் கண்டெய்னர் லாரி கிளப்பும் தூசியும் பின்கதவின் கீழ் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படும். கதவைச் சுற்றி உள்ளே குழலாக இருக்கும் ஈபிடிஎம் (வெயில், மழை தாங்கும் ரப்பர் வகை) பீடிங், அதாவது விளிம்புப் பட்டை, போடச் சொல்லுங்கள். ஸ்பாஞ்சு டேப் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், வேண்டாம். பீடிங் ஒரே துண்டாகச் சுற்றி, இணைப்பு கீழ்ப்பக்கம் வரட்டும். பாடி தொட்டிமேல் உட்காருகிற இடத்தில் பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் நாடா), வெளி மூட்டுகளுக்கு பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட். வினிகர் மாதிரி நெடி அடிக்கும் சிலிக்கான் மலிவாகக் கிடைக்கும், அது விடுகிற அமிலம் உலோகத்தையே அரிக்கும். அப்புறம், தொட்டியின் அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளை யார் சொன்னாலும் அடைக்காதீர்கள்.

பூட்டு விஷயத்தில், நாதாங்கியைத் தகட்டில் ஸ்க்ரூவால் பிடித்திருந்தால் ஒரு கம்பி போதும், பூட்டை உடைக்காமலே பெயர்த்துவிடலாம். போல்ட் உள்ளே வரை போய், உள்பக்கம் கனமான பட்டை வைத்து நட்டு முறுக்க வேண்டும். கீலின் ஊசி வெளியே தெரிந்தால் இரண்டு முனையையும் வெல்டு வைத்துவிடச் சொல்லுங்கள். கேனபியைத் தொட்டியோடு பிடிக்கும் கிளாம்பின் நட்டுகள் உள்ளே இருந்தால்தான் பாதுகாப்பு. ஜன்னல் கண்ணாடி வேண்டவே வேண்டாம், பம்ப் இருப்பது வெளியே தெரியக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு அதுதான் பெரிய கவலை. ஏசி கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அதில் ஆர்-32 என்ற வகை தீப்பிடிக்கக்கூடியதும்கூட. திறந்த தொட்டியில் இருந்தவரை காற்று கொண்டுபோய்விட்டது, மூடிய பெட்டியில் போகாது. அதனால் தரையை ஒட்டி இரண்டு பக்கமும் வலை வைத்த சாய்தகட்டுத் துவாரம், கூரையின் முன்பக்கம் காற்றை உள்ளே தள்ளும் மூடியுள்ள ஒரு துவாரம், இரண்டும் வேண்டும். கூரைத் துவாரம் ஓடும்போது உள்ளழுத்தத்தைக் கூட்டிப் பின்பக்கத் தூசியையும் தடுக்கும். சிலிண்டரின் சூடு 52 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, சித்திரை வெயிலில் பூட்டிய தகரப் பெட்டி அதைச் சுலபமாக எட்டும். வெள்ளை பெயிண்ட் அடித்து, கூரைக்கு உள்ளே இன்சுலேஷன் ஒட்டி, வண்டி வெயிலில் நிற்கும்போது சிலிண்டரை இறக்கிவிடுங்கள். ஓடும்போது நிமிர்த்திச் சங்கிலி போட்டே வையுங்கள்.

படுப்பதைப் பற்றி: சிலிண்டர் உள்ளே இருக்கும்போது படுக்காதீர்கள், இன்ஜின் ஓடும்போதும் படுக்காதீர்கள். பின்கதவு கொஞ்சம் திறந்திருந்தால்கூடப் புகை உள்ளே வரும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உள்ளிருந்து திறக்கிற தாழ்ப்பாளும் கட்டாயம்.

கட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக பாடியை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் கீழ் வரும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இல்லையென்றால் கிளெய்ம் வரும்போது இழுத்தடிப்பார்கள்.

வண்டியை எடுக்கப் போகும்போது பட்டறையிலேயே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கதவிடுக்கில் நியூஸ் பேப்பர் துண்டு வைத்து மூடி இழுங்கள், எங்கே லேசாக வருகிறதோ அங்கே பீடிங் அழுந்தவில்லை. பிறகு நீங்கள் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து ஒருவரை ஹோஸில் கால்மணி நேரம் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள், மேலிருந்து மட்டுமல்ல, சக்கரத்துப் பக்கமாகக் கீழிருந்தும். ஒரு சொட்டு வந்தாலும் சாக்பீஸால் குறித்து, அதைச் சரிசெய்து, திரும்ப ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.