நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் ஆட்டம் நகருமா?

கேள்வி: இரண்டு வருடமாக ஒரு சூப்பர்ஹீரோ டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு) எழுதி வருகிறேன். ரூல்புக் 90 பக்கம். கல்லூரி நண்பர்கள் 5 பேருடன் 11 முறை ஆடிவிட்டோம். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வெளியாட்களிடம் கொடுத்து பிளேடெஸ்ட் (ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் சோதனை) செய்யச் சொல்கிறார்கள். யாராவது திருடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆன்லைனில் அறிமுகமான ஒருவர், 100 பேரை வைத்து டெஸ்ட் செய்து, காப்பிரைட்டும் எடுத்துத் தருவதாகச் சொல்லி 45,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். மேற்கொண்டு படிக்க நேரமில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொண்டாலும் சரி.

அந்த 100 பேர் யார் என்று அவரிடம் கேட்டீர்களா? பெரும்பாலும் அது ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கூகுள் ஃபார்ம், நிரப்பித் தருபவர்களுக்கு ஒரு கிஃப்ட் கூப்பன். அவ்வளவுதான். இப்படிப் பணம் கட்டி வாங்கிய ரிப்போர்ட் ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். 32 பக்கம், கலர் கலராக வரைபடங்கள். 'ஆட்டம் சுவாரஸ்யமாக இருந்தது' என்பதற்கு ஐந்துக்கு 4.3 மதிப்பெண். ரூல்புக்கைப் புரட்டிப் பார்த்தேன். பறக்கும் சக்தி உள்ள கேரக்டர் ஒரு ரவுண்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற விதியே அதில் இல்லை. டைப் செய்யும்போது விடுபட்டிருக்கிறது. சூப்பர்ஹீரோ ஆட்டத்தில் பறப்பதற்கு விதி இல்லை. நூறு பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. ஆடியிருந்தால்தானே கேட்பார்கள்!

அடுத்தது காப்பிரைட். 1957-ம் வருடச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்த அந்த நொடியே ரூல்புக்கின் காப்பிரைட் உங்களுடையதுதான். யாரும் 'எடுத்துத் தர' வேண்டியதில்லை. பதிவு செய்வது கட்டாயமில்லை. நாளைக்கு வழக்கு என்று வந்தால் கையில் ஒரு சான்று இருக்கும், அதற்காகச் செய்துகொள்ளலாம். எழுத்துப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்ததும் ஒரு டைரி எண் வரும். புரோக்கர்கள் அந்த எண்ணைக் காட்டித்தான் 'காப்பிரைட் வந்துவிட்டது' என்று பணம் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அது வெறும் ரசீது. யாராவது ஆட்சேபம் சொல்வார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஃபைலையே பரிசீலிப்பார்கள். பிறகு எப்போது வரும்? கேட்காதீர்கள். அந்தத் தளத்தில் ஸ்டேட்டஸ் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. 500 ரூபாய் வேலையைப் பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி நான்கு வரியில் எழுதிப் போட்டிருந்தால், இந்த இடைத்தரகர்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. உதவி இயக்குநர்கள் சிலர் செய்வதுபோல ஒரு பிரதியைத் தபாலில் தனக்குத் தானே அனுப்பி, பிரிக்காமல் வைத்துக்கொள்வதையும் நம்பி உட்காராதீர்கள். 'கேமுக்கு பேட்டண்ட் எடுத்துத் தருகிறேன்' என்று எவராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். விளையாட்டை ஆடும் முறைக்கு பேட்டண்ட் கிடையாது என்று 1970-ம் வருடப் பேட்டண்ட் சட்டத்தின் 3(எம்) பிரிவே சொல்கிறது.

திருட்டு பயம்? கருவுக்குக் காப்பிரைட் கிடையாது, அதைச் சொல்லியிருக்கும் விதத்துக்குத்தான் உண்டு. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. 'இரண்டு பகடை உருட்டி 9 வந்தால் வெற்றி' என்பதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நீங்களும் எங்கிருந்தோ எடுத்ததுதானே? உங்கள் வாக்கியங்கள், கேரக்டர்கள், கதை, படங்கள் இவைதான் உங்கள் சொத்து. இதற்காக டெஸ்டர்களிடம் என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) நீட்டாதீர்கள். நல்ல டெஸ்டர் அதைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவார்.

ஒரே ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மாட்டிக்கொள்பவர்கள் எல்லோரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். டெஸ்டர் ஒருவர் "இந்த சக்தி ரொம்ப பலமாக இருக்கிறது, குறைங்கள்" என்று வாயால் சொன்னால் அது யோசனை; எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது. ஆனால் அவரே ஆர்வக்கோளாறில் இரவு உட்கார்ந்து, "டெலிபதிக்கு நானே ஒரு பக்கம் எழுதிவிட்டேன்" என்று அனுப்புகிறார். நீங்களும் நன்றி சொல்லி அப்படியே ஒட்டிவிடுகிறீர்கள். அந்தப் பக்கத்தின் காப்பிரைட் அவருடையது. 'அண்ணா, தாராளமாப் போட்டுக்கோங்க' என்ற வாட்ஸ்அப் மெசேஜை வைத்துக்கொண்டு பக்கம் எனக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது. உரிமை கைமாற, எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும், என்ன தொகை என்றும் இருக்க வேண்டும். எழுதி வாங்கினாலும் பள்ளம் உண்டு. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான். எந்த ஊருக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நீங்கள் பிடிஎஃப் விற்கப்போவதோ வெளிநாட்டுக்கு. இதையெல்லாம்விட மோசமானது, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிற ஆள் நீங்கள், ஒரு வருடத்துக்குள் புத்தகம் போட்டுவிடுவீர்களா? அதனால் 'காப்பிரைட் காலம் முழுக்க, உலகம் முழுக்க, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்' என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் சுலபமான வழி: அவர் அனுப்பியதை மூடி வைத்துவிட்டு, உங்கள் நடையில் நீங்களே புதிதாக எழுதுங்கள். புத்தகத்துக்குப் படம் வரைந்து தரும் ஓவியரிடம் இந்தச் சுலப வழி நடக்காது, எழுதித்தான் வாங்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கவலையே படாத விஷயத்துக்கு வருகிறேன். 11 முறை ஆடினோம் என்கிறீர்களே, 11 முறையும் நீங்கள்தானே ஜிஎம் (கதையை நடத்தி, விதியைச் சொல்பவர்)?

அப்படியென்றால் சோதனைக்குப் போனது ரூல்புக் இல்லை, நீங்கள். ஒரு காட்சி சொல்கிறேன். வில்லன் காரில் தப்பிக்கிறான். பலசாலி ஹீரோவாக ஆடுபவர், "காரை அப்படியே தூக்கி மேம்பாலத்துக்குக் கீழே போடுகிறேன், உள்ளே இருப்பவனுக்கு எவ்வளவு அடி?" என்று கேட்கிறார். நீங்கள் ஒரு நொடி யோசித்து, "ம்ம்... 3 பகடை உருட்டு" என்கிறீர்கள். ஆட்டம் தொடர்கிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்த '3 பகடை' புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை. உங்கள் தலைக்குள் இருக்கிறது. மதுரையில் இதை வாங்குகிற ஒருவர் அந்த இடத்தில் முழித்துக்கொண்டு நிற்பார்.

எனவே உங்களை அறியாத ஒரு ஜிஎம்மைப் பிடியுங்கள். ரூல்புக்கையும் கேரக்டர் ஷீட்டையும் கொடுங்கள், ஒரு வார்த்தை விளக்காதீர்கள். அவர்கள் ஆடும்போது அறை மூலையில் நோட்டோடு உட்காருங்கள், முடியாவிட்டால் ஆடியோ பதிவை வாங்கிக் கேளுங்கள். அவர்கள் விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஆடுவார்கள். உங்களுக்குக் கை பரபரக்கும், திருத்தத் தோன்றும். கூடாது. எந்தப் பக்கத்தைத் தேடினார்கள், எத்தனை நிமிடம் தேடினார்கள், எப்போது ஒருவர் செல்ஃபோனை எடுத்தார், இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே 'பிடிக்கவில்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். "எங்கே போரடித்தது? எதைத் தேடிக் கிடைக்கவில்லை? எந்த விதியை நீங்களே இட்டுக்கட்டினீர்கள்?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம்.

கணக்குப் போட்டே தெரிந்துகொள்ளக்கூடியதற்கு ஆளைக் கூப்பிட்டு நேரத்தை வீணடிக்காதீர்கள். இரண்டு பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு 36-க்கு 10, அதாவது சுமார் 28 சதவீதம். அதே இடத்தில் 3 கூட்டிக்கொள்ளும் ஹீரோவுக்கு 6 விழுந்தாலே போதும். 36-க்கு 26, சுமார் 72 சதவீதம். சின்ன 3 என்று தோன்றும். ஆனால் அந்த 3 இல்லாத வில்லாளியாக ஆடுபவர் கிட்டத்தட்ட நான்கில் மூன்று முறை சும்மா உட்கார்ந்திருப்பார், அது உள்ள பக்கத்து ஆள் கிட்டத்தட்ட நான்கில் மூன்று முறை அடிப்பார்.

சூப்பர்ஹீரோ ஆட்டங்களுக்கென்றே உள்ள பழைய வியாதி இது. மலையைத் தூக்குபவரும் வெறும் மூளையுள்ளவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். 1985-ல் வந்த டிசி ஹீரோஸ் என்ற ஆட்டம், ஒரு புள்ளி கூடினால் அளவு இரட்டிப்பு என்று வைத்து இதைச் சமாளித்தது. மார்வெல் மல்டிவர்ஸ் ஆர்பிஜிக்கு 2022-ல் பிளேடெஸ்ட் புத்தகத்தையே தனியாக விற்றார்கள். அதில் ரேங்க், அதாவது கேரக்டரின் பலத்தைச் சொல்லும் படி, 25 வரை இருந்தது. ஆடியவர்களின் கருத்தெல்லாம் வந்த பிறகு, 2023-ல் வந்த முழுப் புத்தகத்தில் ரேங்க் ஆறோடு முடிந்துவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனி 25-ஐ 6 ஆக்கியிருக்கிறது, உங்கள் 90 பக்கத்தில் 30 பக்கம் போனால் என்ன?

மூன்று வெவ்வேறு குழுக்கள் போதும். ஆடியவர்களுக்குப் பணம் தர வேண்டாம். புத்தகத்தில் பெயரும், வந்ததும் ஒரு பிரதியும் கொடுப்பதுதான் வழக்கம், அதைச் சொன்னபடி கொடுத்துவிடுங்கள். அப்புறம், மூன்றாவது குழுவும் அதே பக்கத்தில் தடுக்கி விழுந்தால் தப்பு அவர்கள்மேல் இல்லை. அந்தப் பக்கத்தைத் திருத்தாமல் நாலாவது குழுவைத் தேடிப் போகாதீர்கள்.