லாரியிலிருந்து சரக்கு விழுந்து விபத்து: டிரைவர், ஓனர், லோடு ஏற்றியவர், யார் பொறுப்பு?

முன்னால் போன லாரியிலிருந்து ஜி.ஐ. பைப் கட்டு சரிந்து, பைக்கில் வந்த உங்கள் தம்பிக்குத் தொடை எலும்பு முறிந்திருக்கிறது. "லோடு ஏத்துனது குடோன் ஆளுங்க" என்று டிரைவர் சொல்கிறார், ஓனர் டிரைவரைக் கைகாட்டுகிறார், யார் மேல் கேஸ் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இழப்பீடு வாங்கும் வரைக்கும் அவர்களுடைய அந்தச் சண்டையில் நீங்கள் தலையிடவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 168ஆம் பிரிவு, பணம் கட்ட வேண்டியவர்களாகச் சொல்வது இன்சூரன்ஸ் கம்பெனி, ஓனர், டிரைவர் ஆகிய மூவரை. இழப்பீட்டு மனுவில் மூவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுத்தாலே டிரைவரின் கவனக்குறைவுதான். அதற்கு ஓனர் பொறுப்பு, ஓனருக்காக இன்சூரன்ஸ் கட்டும். குடோன்காரர் மேல் தப்பு இருந்தால் ஓனர் அவரிடம் தனியாகச் சிவில் வழக்குப் போட்டு வசூலித்துக்கொள்ளட்டும்.

இதைப் படித்துவிட்டு, பாவப்பட்ட டிரைவரை மாட்டிவிடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எனக்கும் ஆத்திரம் அங்கேதான். எத்தனையோ குடோன்களில் லோடு ஏறும்போது டிரைவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள். ஒப்பந்தக் கூலிகள் அவசரமாக அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, எல்.ஆர். எனும் லாரி ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். பைப் சரிந்தால் எஃப்.ஐ.ஆரில் டிரைவர் பெயர் மட்டும் ஏறுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உயரத்திலோ பக்கவாட்டிலோ முன்பின்னாகவோ லோடு நீட்டிக்கொண்டிருந்தால் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம். அந்தப் பிரிவு வண்டி ஓட்டியவரோடு, ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் கொடுங்காயம் ஏற்படுத்துவதற்கான 125, மரணம் ஏற்படுத்துவதற்கான 106(1) இரண்டும் டிரைவருக்கு மட்டும் எழுதியவை அல்ல. லோடிங் சூப்பர்வைசரையும் விசாரிக்கச் சொல்லி, எல்.ஆரில் உள்ள அனுப்புநர் பெயரோடு ஸ்டேஷனில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கேஸ் நிற்பதும் விழுவதும் கட்டின் தடயத்தில். வண்டியை ஸ்டேஷனிலிருந்து விடுவித்துவிட்டால் கயிறும் பெல்ட்டும் குப்பைக்குப் போய்விடும். இன்றே போய்ப் படம் எடுங்கள். அறுந்த முனையைக் கிட்டத்தில் எடுங்கள். இழுபட்டு அறுந்தது பஞ்சுபோல் பிரிந்து நிற்கும், இரும்பு விளிம்பில் பட்டு அறுந்தது ஒரு பக்கம் மட்டும் நேர்கோடாக வெட்டுப்பட்டிருக்கும். விளிம்பில் கயிறு உரசாமல் காக்கும் கார்னர் கார்டு வைக்காததற்கு அதுவே சாட்சி. கைப்பிடியால் முறுக்கி இறுக்கும் ரேட்செட் பெல்ட் என்றால் தைத்திருக்கும் லேபிளில் அதன் தாங்குதிறன் இருக்கும். லேபிளே இல்லையென்றால் அதையும் எடுங்கள். லாரியின் பக்கவாட்டுக் கம்பங்களைவிட உயரமாக பைப் அடுக்கியிருந்தார்களா, அடுக்குகளுக்கு நடுவே மரக்கட்டையும் ஓரத்தில் ஆப்பும் இருந்தனவா, டிரைவர் கேபினுக்குப் பின்னால் உள்ள முன்பலகைக்கும் பைப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்றும் பாருங்கள். எடைமேடை ரசீது, ஈ-வே பில் நகல்களையும் கேளுங்கள்.

தார்ப்பாய்க் கயிறு மழைக்கும் தூசிக்கும் ஆனது, பைப்பைப் பிடிக்காது. ஐரோப்பியக் கணக்கின்படி, திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் போகும், திருப்பத்தில் பக்கவாட்டில் 50 சதவீதம். 10 டன் பைப் என்றால் பிரேக்கில் 8 டன் விசை. இரும்பின்மேல் இரும்பு வழுக்கும் என்பதால் உராய்வு சுமார் 2 டன்னைத்தான் தாங்கும். மீதி 6 டன்னை முன்பலகையும் கட்டும் பிடிக்க வேண்டும். புறப்பட்டுக் கொஞ்ச தூரத்திலேயே லோடு அமர்ந்து கட்டு தளர்ந்துவிடும். நிறுத்தி மறுபடி இறுக்கினீர்களா என்பதுதான் குறுக்கு விசாரணையில் டிரைவரிடம் உங்கள் வக்கீல் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் வழக்கமாக வருவது "இயந்திரக் கோளாறு இல்லை" என்ற ஒரே வரி. அது பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பற்றியது. லோடு கட்டிய விதத்தையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் தரப்பு முதலில் சொல்வது, உங்கள் தம்பி இடைவெளி விடாமல் பின்னால் ஒட்டிப் போனார் என்பது. பைப் கிடந்த இடம், பைக் கிடந்த இடம், டயர் தடம் மூன்றும் விபத்து நடந்த இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் மகசரில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அளவுக்கு மேல் லோடு, கட்டு சரியில்லை என்று சொல்லி மூன்றாம் நபருக்குப் பணம் மறுக்க முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனி எந்தெந்தக் காரணத்தால் மறுக்கலாம் என்று சொல்லும் 150ஆம் பிரிவின் பட்டியலில் அது கிடையாது.

சொல்லாமல் விட முடியாத இன்னொன்று. பின்னால் ஒரு மீட்டர் வரை கம்பி நீட்டலாம் என்றிருந்த சலுகையை 2014இலேயே எடுத்துவிட்டார்கள். இன்னும் சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று ராத்திரியில் கம்பி லாரிகள் போகின்றன. நிறுத்திக் கேட்பார் இல்லை.

போலீஸ் முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும், இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குக் கொடுக்க வேண்டும், நகல் கேளுங்கள். 166(3)இன்படி மனுவுக்கு ஆறு மாதம், அதைத் தாண்ட விடாதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, தம்பி குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். அதற்குள் இன்சூரன்ஸிலிருந்து ஆள் வந்து, தவறு யாருடையது என்று பார்க்காமல் தரும் 164ஆம் பிரிவின் 2.5 லட்சத்துக்குக் கையெழுத்துக் கேட்கலாம். அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். தொடை எலும்பில் பிளேட் வைத்தவருக்கு ஆபரேஷன் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், நிரந்தர ஊனச் சதவீதம் எல்லாம் கூட்டினால் அந்தத் தொகையைத் தாண்டக்கூடும். வக்கீலிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.