கோயிலுக்கு அப்புறம் நூலகம்

கேள்வி: மே மாதம் பிள்ளைகளோடு மதுரைக்கு வருகிறோம். கோயில், மஹால், ஜிகர்தண்டா தவிர உங்கள் ஊரில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? (வாசகி, கோவை)

பதில்: புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. என் ஊர் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இப்போதைக்கு எனக்கு இதுதான் முதல் இடம். 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாளில் திறந்தார்கள். தரைத்தளம் போக ஆறு மாடிகள், இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல். பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி, பார்வையற்றோருக்கு பிரெய்ல் நூல்கள் எல்லாம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கும் கூடம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பென்சிலால் கோடு போட்டுப் போட்டு, பக்கமே கறுத்துப்போன வழிகாட்டி நூலோடு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் படிக்கத் தனி அறை இல்லாத பிள்ளைக்கு இந்த மேசை எவ்வளவு பெரிய விஷயம்!

தமிழ்ப் பற்றுள்ள ஜமீன்தாரான பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவுக்கு வந்தபோது ஒரு திருக்குறள் பிரதி கேட்டும் கிடைக்கவில்லையாம். அந்த வேதனையில்தான் 1901இல் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார் என்பார்கள். அதே ஊரில்தான் இன்று இத்தனை மாடி நூலகம்.

சரி, கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வெயில் ஏறியதும் நேராக இங்கே வந்துவிடலாம். பிள்ளைகள் லேசில் கிளம்ப மாட்டார்கள், அதனால் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டே வாருங்கள்.