எல்லைக்கல்: ஒன்றரை அடி நிலமும் பக்கத்து மனை வாத்தியாரும்

(வீடு, மனை, நிலத் தகராறுகள் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவர் பதில் அளிக்கும் பகுதி)

கேள்வி: ஐயா, சித்தாலப்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய பழைய மனைப்பிரிவு ஒன்றில் 2009-ல் ஒரு கிரவுண்டு வாங்கினேன். 40-க்கு 60. அடுத்த வருடமே கல் ஊன்றி முள்கம்பி கட்டிவிட்டேன். வடக்குப் பக்கத்து மனை ஒரு ஓய்வு பெற்ற வாத்தியாருடையது. வீடு கட்டிக் குடியிருக்கிறார். இத்தனை வருடம் ஒரு பேச்சு வந்ததில்லை.

போன ஐப்பசியில் என் மச்சினன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர்கன் எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தான். மனையில் நின்றபடி கொக்கு, மடையான் என்று நாலைந்து சுட்டிருப்பான். புதரில் கவுதாரிக்கு வலையும் வைத்தான். வாத்தியார் சத்தம் போட்டார், செல்போனில் வீடியோ எடுத்தார், வனத்துறைக்குச் சொல்லுவேன் என்றார். "எங்கள் இடத்தில் நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு என்ன" என்று நானும் கேட்டுவிட்டேன்.

தை மாதம் காம்பவுண்டு சுவருக்குக் கடைக்கால் தோண்ட ஆள் விட்டேன். வாத்தியார் வந்து, என் வேலி அவர் மனைக்குள் ஒன்றரை அடி வந்திருக்கிறது என்று சொல்லிக் கொத்தனாரைத் தடுத்துவிட்டார். மறுநாள் அவரே ஒரு கல்லை நட்டிருக்கிறார். கொக்கு விஷயத்தில் வந்த கோபத்தில்தான் இதைச் செய்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். அவர் வீட்டுப் பூவரச மரத்துக் கிளைகள் என் மனைக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதில் மடையான் கூடு வேறு. கிளையை வெட்டிவிடு, 12 வருடம் தாண்டிவிட்டதால் இடமும் உனக்குத்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். பழிவாங்கும் நோக்கத்தில் பிரச்சினை செய்கிறார் என்று வழக்குப் போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அப்படியே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒரே கயிற்றில் முறுக்கிக் கிடக்கின்றன. ஒன்று நிலம், இன்னொன்று வேட்டை. நிலத்தில் யார் சரி என்று அளக்காமல் யாரும் சொல்ல முடியாது. வேட்டையில் அளக்க எதுவும் இல்லை. அதில் வாத்தியார் சொல்வதுதான் சரி.

முதலில் அதையே பேசிவிடுவோம். "எங்கள் இடம்" என்றீர்கள். உங்கள் கிரயப் பத்திரம் 2,400 சதுர அடி மண்ணுக்கு. அதில் வந்து இறங்குகிற கொக்கு அந்தப் பத்திரத்தில் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. 1991-ல் அதைத் திருத்தி, லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் வழியையும் அடைத்துவிட்டார்கள். அந்தச் சட்டம் "வேட்டை" என்று சொல்வது சுட்டுக் கொல்வதை மட்டுமல்ல. வலை வைப்பது, கண்ணி வைப்பது, இரை போட்டுப் பிடிப்பது, முயற்சி செய்து தப்பவிடுவது வரை அதில் அடங்கும். சட்டத்துக்கு விரோதமாகக் கொன்ற பறவை மாநில அரசின் சொத்து. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புப் பட்டியலில், உள்ள உயிரினம் என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டு. ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று உங்கள் மச்சினன் சொல்லக்கூடும். அந்த வாதம் இங்கே எடுபடாது. எதை வைத்துச் சுட்டான் என்பதைவிட எதைச் சுட்டான் என்பதைத்தான் வனத்துறை பார்க்கும். துப்பாக்கி, வலை, வந்த வண்டி எல்லாவற்றையும் பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. இடம் கொடுத்து, பக்கத்தில் நின்று, தட்டிக்கேட்டவரையும் எதிர்த்துப் பேசிய நீங்கள் உடந்தை என்ற இடத்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள்.

இதைச் சொல்ல நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன் அல்ல. மதுராந்தகம் பக்கம் எங்கள் ஊரில் அப்பா கவுதாரிக்குக் கண்ணி வைப்பார். அந்தக் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெரும்பாக்கம் பக்கம் வயல்வெளியில் நில அளவைச் சங்கிலி பிடித்துப் போய்க்கொண்டிருந்தபோது, வரப்பில் ஒரு மடையான் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். கிட்டே போயும் பறக்கவில்லை. காலில் நூல் கட்டி முளையில் இணைத்திருந்தார்கள். இரண்டு கண்ணின் இமைகளையும் நூலால் தைத்திருந்தார்கள். அது நிற்பதைப் பார்த்து மற்றவை நம்பி இறங்கும், வலையை இழுப்பார்கள். அன்றைக்கு மதியம் கொண்டுபோயிருந்த சோற்றை நான் பிரிக்கவில்லை. அதற்குப் பிறகு காட்டுப் பறவை எதையும் நான் தின்றதில்லை. காடை ஆசை வந்தால் கடையில் பண்ணைக் காடை கிடைக்கிறது, அது வளர்ப்பு, அதற்குத் தடையில்லை.

நீங்கள் இருக்கும் இடத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். சில கிலோமீட்டரில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். உங்கள் ஏரிக்கு வரும் பறவை அங்கேயும் மேயும், இங்கேயும் மேயும். அதற்குச் சர்வே எண் தெரியாது.

வேட்டையை எதிர்க்கும் பக்கத்து மனைக்காரர் நம் செங்கல்பட்டுச் சீமைக்குப் புதியவரும் அல்ல. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நாரைகளைச் சுட்டபோது, ஊர் விவசாயிகள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளை யாரும் தொடக்கூடாது என்று ஊருக்கு உரிமை எழுதிக் கொடுத்தார். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் யார் என்ன சுட்டால் நமக்கென்ன என்று அந்த விவசாயிகள் இருந்திருந்தால் இன்றைக்கு அங்கே பார்க்க எதுவும் இருந்திருக்காது. உங்கள் வாத்தியாரும் அந்த விவசாயிகள் வழியில் வந்தவராகத்தான் எனக்குத் தெரிகிறார்.

பூவரசக் கிளைக்கு வருகிறேன். பக்கத்து மரக் கிளை உங்கள் மனைக்குள் நீட்டினால், உங்கள் எல்லை வரைக்கும் கழிக்கச் சாதாரணமாக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும் அதே சட்டத்தில் வேட்டைதான். குஞ்சுகள் பறந்து கூடு காலியாகும் வரை அந்தக் கிளையைத் தொடாதீர்கள். அந்த உறவினரை அரிவாளோடு மனைப் பக்கம் விடாதீர்கள்.

இப்போது நிலம்.

பழிவாங்கும் நோக்கம் என்று வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டவே வேண்டாம். எல்லை வழக்கில் நீதிமன்றம் பார்ப்பது பத்திரத்தையும் அளவையும்தான். வாத்தியார் எந்தக் கோபத்தில் கேட்டார் என்பதால் கல் ஒரு அங்குலம் நகராது. அதைவிட முக்கியம், "என் மச்சினன் கொக்கு சுட்டதால் கோபப்பட்டு இதைச் செய்கிறார்" என்று நீங்கள் மனுவில் எழுதிய நிமிடம், குற்றத்தை உங்கள் கையெழுத்திலேயே பதிவு செய்கிறீர்கள். வாத்தியார் கையில் வீடியோ வேறு இருக்கிறது. அவர் சும்மா இருந்தாலும் நீங்களே சாட்சி கொடுத்ததாக ஆகிவிடும்.

12 வருடக் கணக்கைப் பலரும் மந்திரம் மாதிரி சொல்கிறார்கள். 12 வருடம் வேலி இருந்தாலே நிலம் மாறிவிடாது. உரிமையாளருக்கு எதிராக, அவருக்குத் தெரியும்படி, இடைவிடாமல், இது என்னுடையது என்று அனுபவித்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும். நீங்களோ உங்கள் எல்லை என்று நினைத்துத்தானே வேலி போட்டீர்கள்? அப்புறம் இன்னொன்று. அந்த வாதத்தை எடுத்தாலே, பத்திரப்படி இடம் அவருடையது என்று ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறீர்கள். அளந்தால் இடம் உங்களுடையதாகவே இருக்கலாம். அதற்குள் ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள்?

என் அனுபவத்தில் தென்புறநகர்ப் பழைய மனைப்பிரிவுகளில் ஒன்றரை அடி வித்தியாசம் சாதாரணம். நஞ்சை நிலத்தில் கயிறு பிடித்து, ஈரத்தில் குச்சி நட்டுப் பிரித்த மனைகள் அவை. முதல் மனையில் அரை அடி தள்ளினால் வரிசை முழுக்கத் தள்ளும். பழைய அளவுகள் லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க், ஒரு லிங்க் எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு லிங்க் தவறினாலே முக்கால்வாசித் தகராறு வந்துவிடும். அப்புறம் சாலை போட்டவர்கள் கல்லைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். சாலை ஓரத்திலிருந்தோ எதிர்வீட்டுச் சுவரிலிருந்தோ டேப் பிடித்து அளக்கும் மேஸ்திரி கணக்கை நம்பாதீர்கள். அளவை சர்வே கல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் கிரயப் பத்திரம், அதன் மூலப்பத்திரம், மனைப்பிரிவு வரைபடம், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பட்டாவில் உங்கள் மனைக்குத் தனி உட்பிரிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் புலப்படத்திலேயே உங்கள் கோடு மீட்டர் அளவோடு இருக்கும், வேலை சுலபம். பலர் பெயரில் ஒன்றாக இருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால் சர்வேயர் முழுச் சர்வே எண்ணின் வெளி எல்லையைத்தான் காட்ட முடியும். உள்ளே மனைகளை வரைபடத்தை வைத்து வரிசையாக அளந்து வர வேண்டும். பட்டா மட்டுமே உரிமை ஆவணம் ஆகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும், பத்திரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எல்லை அளக்க இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். அளக்கும் நாளில் பக்கத்து மனைக்காரருக்குத் தகவல் போக வேண்டும், அவரும் நிற்க வேண்டும். அவர் இல்லாமல் அளந்தால் அதைவைத்தே அடுத்த சண்டை வரும்.

அதுவரை கடைக்கால் வேலையை நிறுத்தி வையுங்கள். வாத்தியார் தானாகக் கல் நட்டது தவறுதான், அளக்காமல் கல் நட அவருக்கு உரிமையில்லை. ஆனால் நீங்கள் அதைப் பிடுங்காதீர்கள். தேதியோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அளந்த பிறகும் ஒத்துவரவில்லை என்றால், நேரே வழக்குக்குப் போகாமல் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. உரிமையியல் நீதிமன்றம் போனாலும் கடைசியில் ஒரு வழக்கறிஞர் ஆணையரையும் சர்வேயரையும் அனுப்பி இதே இடத்தைத்தான் அளப்பார்கள், பல வருடம் கழித்து. ஒன்றரை அடி அகலம், 60 அடி நீளம், மொத்தம் 90 சதுர அடி. அதற்கு எத்தனை வாய்தா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மச்சினனைக் கூப்பிட்டு, இனி ஏர்கன்னும் வலையும் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லுங்கள். மனைவி வருத்தப்படுவார் என்று தள்ளிப்போடாதீர்கள். வனத்துறையிலிருந்து ஆள் வந்தால் அவர் தம்பிக்குத்தான் முதல் கஷ்டம். புதரில் வலை மிச்சம் கிடந்தால் இன்றைக்கே போய் எடுங்கள். ஏதாவது சிக்கி உயிரோடு இருந்தால் உடனே விடுவித்துவிடுங்கள். பிறகு நீங்கள் தனியாக வாத்தியார் வீட்டுக்குப் போங்கள். வக்கீலோ உறவினரோ வேண்டாம். "சார், பறவை விஷயத்தில் தப்பு எங்கள் பேரில்தான். இனி நடக்காது" என்று சொல்லுங்கள். அவர் புகாரைக் கைவிட வேண்டும் என்று கேட்காதீர்கள். கேட்டால் பேரம் ஆகிவிடும், அவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். வேலியைப் பற்றி அன்றைக்குப் பேசவே வேண்டாம்.

ஒரு வாரம் விட்டு மறுபடி போய், சர்வேக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், நீங்களும் கூட இருங்கள் என்று சொல்லுங்கள். நான் அளந்த எல்லைத் தகராறுகளில், கல் கிடைத்ததால் தீர்ந்ததைவிட இரண்டு பேரும் டேப்பின் இரண்டு முனையைப் பிடித்ததால் தீர்ந்தவைதான் அதிகம். அவருடைய பத்திர நகலையும் அப்போது கேட்டு வாங்குங்கள். வடக்கு மனையின் தெற்கு அளவு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால், சர்வேயர் வருவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடும். இரண்டு நகலையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.