உணவை மாற்றினால் டைப் 1 சர்க்கரை நோயில் நோயெதிர்ப்புச் செல்கள் அடங்குமா?

சொந்த உடம்பையே தாக்கும் நோயெதிர்ப்புச் செல்களைச் சாப்பாட்டால் வழிக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுண்டெலியில் முடிந்திருக்கிறது. மனிதரில் அந்த அளவுக்கு இன்னும் இல்லை. எனக்கே டைப் 1 இருப்பதால் இந்த ஆராய்ச்சிகளை விடாமல் படிக்கிறேன்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பவை டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள். அவற்றுக்கு இலக்கைக் காட்டிக்கொடுப்பதில் பி செல்கள் என்ற இன்னொரு வகைக்கும் பங்குண்டு. இவற்றை அடக்கிவைக்க 'ஒழுங்குபடுத்தும் டி செல்கள்' என்று தனி வகை இருக்கிறது. சாப்பாடு இவற்றை எட்டும் முக்கிய வழி, குடல் பாக்டீரியா. சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் பெருங்குடலுக்குப் போகும். அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து அசிட்டேட், பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களை உண்டாக்கும்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. தானாகவே இந்த நோய் வரும் என்.ஓ.டி. சுண்டெலிகளுக்கு, பெருங்குடலில் அசிட்டேட்டையும் பியூட்டிரேட்டையும் ஏராளமாக வெளிவிடும் மாவைக் கொடுத்தார்கள். அசிட்டேட், பி செல்கள் வழியாக, பீட்டா செல்களைத் தாக்கும் டி செல்களைக் குறைத்தது. பியூட்டிரேட் பிடித்தது வேறு வழி: ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்கியது. இரண்டையும் சேர்த்துத் தின்றவற்றுக்கு நோயே வரவில்லை.

அதே வகை மாவை, ஏற்கெனவே டைப் 1 உள்ள 18 பெரியவர்கள் தினம் 40 கிராம் வீதம் 6 வாரம் சாப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. அவர்களின் பி, டி செல்கள் கொஞ்சம் அடங்கிய பக்கம் நகர்ந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. அழிந்த பீட்டா செல்கள் மீண்டன என்று அதில் யாரும் சொல்லவுமில்லை.

நான் நிதானமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பசும்பால் புரதம் நோயைத் தூண்டுகிறதோ என்ற சந்தேகத்தில், 15 நாடுகளில் 2,159 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் புரதத்தை நன்கு உடைத்த பால்மாவு கொடுத்துப் பல வருடம் கவனித்தார்கள். 2018இல் வந்த முடிவு: எந்த வித்தியாசமும் இல்லை!

ஆகவே 'குடலைச் சரிசெய்தால் இன்சுலின் வேண்டாம்' என்று பவுடர் விற்பவர் பக்கமே போகாதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் நிலை) வரும், உயிருக்கே ஆபத்து. நானும் நார்ச்சத்தைக் கூட்டியிருக்கிறேன்தான். ஆனால் டி செல்களை நம்பி அல்ல, சாப்பிட்டபின் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்பதற்காக. நீங்களும் கூட்டுவதானால், சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியின் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கணக்கிலேயே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும்.