மகள் நாடகம் படிக்க ஆசைப்படுகிறாள், சம்மதிக்கலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் கேட்பது நாடகப் படிப்பு. உங்கள் காதில் விழுந்திருப்பது சினிமா வாய்ப்பு. வீட்டில் பாதிச் சண்டை அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

நாடகத்தில் நடிப்பு ஒரு வேலை மட்டும்தான், அதைச் சுற்றி இன்னும் ஏழெட்டு வேலைகள் உண்டு. நாடகக்காரர்கள் புழங்கும் சொற்களைத் தெரிந்துகொண்டாலே அவை என்னென்ன என்று பிடிபட்டுவிடும். எழுதிவைத்த நாடகத்துக்குப் பிரதி என்று பெயர். எந்த வசனத்துக்கு யார் எங்கிருந்து எங்கே நகர வேண்டும் என்று இயக்குநர் ஒத்திகையில் முடிவு செய்வது பிளாக்கிங். அதை ஒன்றுவிடாமல் பிரதியின் ஓரத்தில் குறித்து வைப்பவர் ஸ்டேஜ் மேனேஜர். காட்சியன்று விளக்கு எப்போது அணைய வேண்டும், இசை எங்கே எழ வேண்டும் என்று 'க்யூ' கொடுப்பவரும் அவரே. அவர் ஒரு நொடி கண்ணயர்ந்தால் இறந்துபோன ராஜா இருட்டு வருவதற்கு முன்பே எழுந்து நடக்க வேண்டியதுதான்! சுவரும் கதவும் செட். நடிகர் கையில் எடுக்கும் கடிதம், கத்தி, காபி டம்ளர் எல்லாம் பிராப்பர்டி. செட், ஒளி, உடை, ஒப்பனை என ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் உண்டு.

மேடையின் வலமும் இடமும் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகருடையவை, நம்முடையவை அல்ல. கல்லூரி நாடகம் ஒன்றில் சேவகனாக வந்த நான் இதைக் குழப்பிக்கொண்டு, எதிர்ப்பக்கத்து விங்கில், அதாவது நடிகர்கள் மறைந்து நிற்கும் மேடை ஓரத்தில், ஈட்டியோடு காத்திருந்தேன். ஆங்கிலத்தில் மேடையின் பின்பகுதியை அப்ஸ்டேஜ், முன்பகுதியை டவுன்ஸ்டேஜ் என்பார்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மேடையே பின்னால் உயர்ந்து முன்னால் சரிந்து இருந்ததால் வந்த பெயர்கள் அவை.

சபாக்களில் நாம் பார்ப்பது படச்சட்ட மேடை. மூன்று பக்கம் அடைப்பு, நான்காவது பக்கம் நாம். அங்கே ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, நம்மைப் பார்க்காதது போல் நடிப்பார்கள். அதுதான் 'நான்காவது சுவர்'. தெருக்கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனுக்கு அந்தச் சுவரே கிடையாது. கதை நடந்துகொண்டிருக்கும்போதே கூட்டத்தைப் பார்த்து வம்புக்கு இழுப்பான். உங்கள் மகள் இந்த இரண்டையும் பார்த்திருக்கிறாளா என்று கேளுங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். டெல்லியில் 1959இல் தொடங்கிய தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. முதல் ஆண்டு எல்லோருக்கும் பொது. அப்புறம் நடிப்பு ஒரு பிரிவு, வடிவமைப்பும் இயக்கமும் இன்னொரு பிரிவு. மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் பட்டம் பெற்றவர்களைத்தான் எடுப்பார்கள், நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் வேண்டும், இந்தியும் ஆங்கிலமும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே என்றால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. நாடகத்தில் முதுகலை படிக்கலாம். பிறகு கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டிலும் நாடகம் ஒரு பாடம் என்பதால், கல்லூரி ஆசிரியர் ஆகும் வழியும் திறந்தே இருக்கிறது.

ஆகவே பிளஸ் டூ முடித்த கையோடு முடிவு செய்தாக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அவளுக்குப் பிடித்த ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். தமிழோ ஆங்கில இலக்கியமோ என்றால் பிரதி வாசிக்கும் பழக்கம் வரும். அந்த மூன்று ஆண்டும் கல்லூரி நாடகக் குழுவில் இருக்கட்டும். அந்த அனுபவம் பின்னால் விண்ணப்பத்துக்கும் உதவும்.

வருமானத்தைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. தமிழில் மேடை நாடகத்தை மட்டும் நம்பி மாதச் சம்பளம் போல் எதிர்பார்க்க முடியாது. மேடையில் இருப்பவர்கள் பலர் வேறொரு வேலையும் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில், ஒளியமைப்பு, ஒலி, மேடை நிர்வாகம் கற்றவர்களுக்கு நாடகம் இல்லாத நாட்களிலும் நிகழ்ச்சிகளில் வேலை கிடைக்கிறது. பள்ளிகளில் நாடகம் சொல்லித் தருவதும் ஒரு வழி.

இந்த விடுமுறையில் அவளை ஏதாவது ஒரு நாடகக் குழுவில் பின்மேடை வேலைக்கு அனுப்பிப் பாருங்கள். பிராப்பர்டி மேசையை அடுக்குவது, ஒத்திகையில் பிரதியைப் பிடித்துக்கொண்டு விட்டுப்போன வசனத்தை எடுத்துக் கொடுப்பது, இந்த மாதிரி வேலைகள். மேடையில் ஒரு வசனம்கூட இல்லாமல் பத்து நாள் இருந்துவிட்டு, பதினோராம் நாளும் போக வேண்டும் என்று அவளே சொன்னால் எனக்கு எழுதுங்கள், விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்.