ரத்தம் 8.4, பிரசவத்துக்கு இன்னும் பத்து வாரம்

கேள்வி: என் மகளுக்கு இது இரண்டாவது பிரசவம், ஏழாம் மாதம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், இப்போது காங்கேயம் பக்கம் எங்கள் வீட்டில் இருக்கிறாள். ரத்தம் 8.4 தான் இருக்கிறதாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி வழியாக இரும்புச் சத்து ஏற்ற வரச் சொல்கிறார்கள். சம்பந்தியம்மாவோ, மாத்திரை தின்றால் குழந்தை கருப்பாகப் பிறக்கும், கீரையும் பேரீச்சையும் போதும் என்கிறார். முதல் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போச்சு. கேட்டால், "எல்லாருக்கும் போறதுதானுங்க" என்றார்கள். ஆப்பிரிக்காவில் பிளாஸ்டிக் விரிப்பு வைத்து இதைத் தடுத்தார்களாம், மகன் சொன்னான். நம்ம ஊருக்கு அது ஆகுமா?

பதில்: ரத்தம் (ஹீமோகுளோபின் அளவு) 8.4 என்பதைவிட, முதல் பிரசவத்தில் நிறையப் போனது என்று நீங்கள் எழுதியதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. ஒரு முறை அப்படிப் போனவர்களுக்கு மறுமுறையும் போக வாய்ப்பு அதிகம். அதோடு ரத்தசோகையும் சேர்ந்தால், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இழப்பை இவளால் தாங்க முடியாமல் போகலாம்.

"எல்லாருக்கும் போறதுதான்" என்று சொன்னவர்களைத் திட்டி என்ன செய்வது? நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது நாங்களும் கண்ணால் பார்த்து ஏதோ ஓர் அளவைக் குறிப்பேட்டில் எழுதியவர்கள்தான். துணியிலும் தரையிலும் பனிக்குட நீரிலும் கலந்துபோன ரத்தத்தை யார் அளந்தார்கள்? கர்நாடகத்தில் பெலகாவியில் அளந்து பார்த்தார்கள். கண்மதிப்பு, உண்மையான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதற்கு அவர்கள் பயன்படுத்தியது, இடுப்புக்கு அடியில் விரித்து, நுனியில் பை மாதிரி தொங்கும், அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. கிட்டத்தட்ட இருபது வருடத்துக்கு முந்தைய கதை இது.

உங்கள் மகன் சொன்ன ஆய்வு 2023-இல் வெளிவந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். விரிப்பு தனியாக எதையும் தடுத்துவிடவில்லை. அதில் அளவு ஏறியதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, அது சுருங்க மருந்து, ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், சிரை வழியாகத் திரவம், எங்கிருந்து கசிகிறது என்று சோதிப்பது, இத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் மரணம் எல்லாம் சேர்த்து 100 பேரில் 4.3 ஆக இருந்தது 1.6 ஆகக் குறைந்தது. பழைய முறையில் பாதி ரத்தப்போக்குகள் கண்ணில் படாமலே போயின. அளந்தபோது 93 சதவீதம் பிடிபட்டன. புது மருந்து ஒன்றும் இல்லை. டிரானெக்ஸாமிக் அமிலம் ஜப்பானில் 1960-களிலேயே கண்டுபிடித்தது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது குறைகிறது என்று 21 நாடுகளில் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது.

ஆகவே நம்ம ஊருக்கும் ஆகும். கென்யாக்காரியின் கர்ப்பப்பையும் காங்கேயத்துக்காரியின் கர்ப்பப்பையும் ஒரே மாதிரிதான் சுருங்குகின்றன.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இரும்புச் சத்து ஏற்றிக்கொள்ளட்டும். 7-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் மிதமான ரத்தசோகை. நான்கு மாதத்தில் தெரிந்திருந்தால் மாத்திரையே போதும் என்று சொல்லியிருப்பேன். ஏற்றினாலும் மறுநாளே ரத்தம் ஊறாது, சில வாரம் ஆகும். அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஏற்றிய பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள், இருக்கட்டும்.

சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: மாத்திரையால் கருப்பாவது மலம் மட்டும்தான், குழந்தையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது. முருங்கைக்கீரை, ராகிக்களி, கறி தின்பவர்கள் என்றால் நன்றாக வேகவைத்த சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), எல்லாம் கொடுங்கள், நல்லதுதான். ஆனால் பத்து வாரத்தில் 8.4-ஐ அவை மட்டும் தூக்கிவிடாது. மாத்திரையைச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக்கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். விழுங்கின கையோடு டீயும் குடிக்கக்கூடாது. மாத்திரை பலிக்காமல் போவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் இந்த டீதான்.

அப்புறம், பிரசவம் எங்கே என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி, ரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள இடமாக இருக்கட்டும். வலி எடுத்த பிறகு 108-இல் வண்டி மாற்றி மாற்றிப் போகிற நிலை இவளுக்கு வேண்டாம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த எண்) காட்டி, முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு இருந்ததை அட்டையில் எழுதச் சொல்லுங்கள். விரிப்பு இருக்கிறதா என்று பிரசவ அறையில் போய் வாதாட வேண்டாம். "போன தடவை ரத்தம் நிறையப் போச்சுங்க, இந்தத் தடவை அளந்து பாருங்க" என்று சேர்க்கும்போதே சொன்னால் போதும்.

குழந்தை பிறந்ததும் எல்லோரும் தொட்டில் பக்கம் போய்விடுவார்கள். முதல் இரண்டு மணி நேரம் நீங்கள் மகள் பக்கத்திலேயே இருங்கள். ஒரு பேடு கால் மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, கை கால் சில்லிட்டு வியர்த்து அவள் படபடப்பாக இருக்கிறது என்றாலோ, டாக்டர் வரட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்தில் இருக்கும் நர்ஸைக் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.